வருகிறவருக்கு ஒரு பேணி கக்காவோ

இன்று பின்னேரம் குசினியில் நின்று கக்காவோக் கட்டியைத் துருவினேன். துருவல் சுடுதண்ணீரில் விழுந்ததும் ஒரு கசந்த மணம் எழும்பி வீடு முழுக்கப் பரவியது. முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த என் மனிசன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "என்ன, கோப்பி கருகிப்போச்சே?" இல்லை என்றேன். "அப்ப என்ன மணம் இது?" என்றார். உம்முடைய மணம் என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். சொல்லியிருந்தால் மனிசன் பயந்துபோய் மகனுக்குப் போன் எடுத்திருப்பார்.

நவம்பர் தொடங்கிவிட்டது. லண்டனில் இந்தச் செவன் கிங்ஸில் நாலு மணி அடித்ததும் தெருவிளக்கு எரிகிறது. நீர் போனபின் வருகிற முதல் நவம்பர் இது. உம்முடைய கையால் துருவிய கட்டியில் அரைவாசி மிச்சம் இருந்தது. உம்முடைய மகள் உம்முடைய பிளாட்டைக் காலி செய்தபோது அதை ஒரு சோப்புக்கட்டி என்று நினைத்துக் குப்பையில் போடப் போனாள். நான் பறித்துக்கொண்டு வந்தேன். இத்தனை மாதமும் அலுமாரியில் கிடந்தது. இன்றுதான் எடுக்கத் துணிந்தேன்.

எங்கள் இரண்டு பேரையும் பார்த்தவர்கள் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்கள், எப்படிச் சிநேகிதம் ஆனீர்கள் என்று. நான் யாழ்ப்பாணம், நீர் மன்னார். எனக்கு முருகன், உமக்கு மடு மாதா. நான் வாயாடி, நீர் சிரித்தே சமாளிக்கிற ஆள். வந்த புதிதில் இல்ஃபேர்டில் அகதிகளுக்கு ஆங்கிலம் படிப்பித்த வகுப்பில் எங்களைப் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள், அவ்வளவுதான். ஒருநாள் ஆசிரியை குடும்பத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார். ஒவ்வொருவரும் எழும்பித் தங்கள் மனிசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உம்முடைய முறை வந்ததும் நீர் எழும்பிக் கழிப்பறைக்குப் போய்விட்டீர். வகுப்பு முடியும்வரை வரவில்லை. வெளியே பஸ் தரிப்பில் நின்றுகொண்டு என்னிடம், "பொய் சொல்லவும் ஏலாது, உண்மை என்னெண்டும் தெரியாது. அதுதான் போயிட்டன்" என்றீர். அன்றிலிருந்து நீர் என்னுடைய ஆள்.

வால்தம்ஸ்டோவில் அந்தச் சமூக மண்டபத்து வேலை கிடைத்தபோது நீர் பட்ட சந்தோசம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. திறப்புக் கோர்வை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் கிலுகிலுவென்று ஆட்டிக் காட்டினீர். மண்டபத்தைத் திறக்க வேண்டும், கதிரை அடுக்க வேண்டும், முடிந்ததும் கூட்டித் துடைத்துப் பூட்ட வேண்டும். காலையில் யோகா, மத்தியானம் வயசாளிகளின் சீட்டாட்டம், பின்னேரம் யாருடையதாவது பிறந்தநாள். லண்டனில் நடக்கிற கூத்து எல்லாம் உம்முடைய துடைப்பத்துக்கு முன்னால்தான் நடந்தது. எனக்குப் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரிப்பீர். ஆனால் ஒருநாள் எடுத்த போனில் சிரிப்பு இல்லை, ஒரு அவசரம்தான் இருந்தது.

"இஞ்ச பாரும், சனிக்கிழமை என்ன செய்யிறீர்?"

"ஏன் கேக்கிறீர்?"

"மண்டபத்தில கொக்கோவுக்கு ஒரு பூசை மாதிரி நடக்குது. வாரும், வந்து பாரும்."

"கொக்கோவுக்குப் பூசையோ? உமக்கென்ன விசரே?"

"விசர்தான். வாறீரோ, இல்லையோ?"

"வாறன், வாறன். கத்தாதையும்."

வந்தேன், அதுவும் சேலை கட்டிக்கொண்டு. பூசை என்று நீர் சொன்னதுக்கு நான் வேறு என்ன உடுத்துவது? உள்ளே வந்தால், தரையில் பாய் விரித்து வட்டமாக இருக்கிறார்கள். நடுவில் மெழுகுதிரி, பூ, ஒரு பெரிய மண்சட்டி. கம்பளிக் காலுறை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைதான் நடத்துகிறவள். மேளம் ஒன்றை மெல்லத் தட்டிக்கொண்டு கதை சொன்னாள். மத்திய அமெரிக்காவில் மாயா மக்களும் அவர்களுக்கு அயலில் இருந்தவர்களும் நாங்கள் கொக்கோ என்கிற இந்தக் கக்காவோவைத் தெய்வங்கள் தந்த மரம் என்று வைத்திருந்தார்களாம். கலியாணம் பேசும்போது குடித்தார்களாம். அரசர்களைப் புதைக்கும்போது குழிக்குள் ஒரு பாத்திரத்தில் ஊற்றி வைத்தார்களாம். எனக்குச் சிரிப்பு முட்டியது. படுக்கப் போகமுன் பிள்ளைகளுக்குப் பால்மாவோடு கரைத்துக் கொடுக்கிற சாமானுக்கு இவ்வளவு பெரிய வரலாறா என்று உம்மை இடித்தேன். "சும்மா இரும்" என்று நீர் என் தொடையில் கிள்ளிவிட்டு, எழும்பி எதிர்ப்பக்கம் போய் இருந்தீர்.

பிறகு நடந்ததுதான் உமக்கும் எனக்கும் கடைசிவரை சிரிக்கப் போதுமாய் இருந்தது. அந்தப் பிள்ளை சட்டியோடு வட்டத்தைச் சுற்றி வந்து, முதலில் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு கரண்டி ஊற்றினாள். மணந்து பாருங்கள், நாக்கில் தொட்டுப் பாருங்கள் என்பது அவளுடைய திட்டம். முதல் கை என்னுடையது. கோயிலில் ஐயர் வலதுகையில் தீர்த்தம் விட்டால் என்ன செய்வோம்? உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவுவோம். கை தன்பாட்டில் போய்விட்டது. மை பூசி ஒரு கிழமையும் ஆகாத என் தலைமயிரில் கொழகொழவென்று கக்காவோ. காதோரம் வடிகிறது. எனக்குப் பக்கத்தில் இருந்த மொட்டைத்தலை மனிதர் என்னை ஒருமுறை பார்த்தார். சேலை கட்டிய ஆசியப் பெண், இவளுக்கு முறை தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். அவரும் உறிஞ்சிவிட்டு மொட்டையில் தடவினார். அவரைப் பார்த்து அடுத்தவர். அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். உம்மிடம் வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தீர்த்தம் தொட்ட பழக்கத்தில் நீர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டீர். மண்ணிறச் சிலுவை. உமக்கு அடுத்து இருந்தவர்களுக்கு இப்போது குழப்பம், தலையா நெற்றியா என்று. சிலர் இரண்டையும் செய்தார்கள்.

சுவரோரமாக இருந்த ஒரு கட்டைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நீண்ட பின்னல். எங்களைப்போல மாநிறம். அதுதான் மார்த்தா. குவாத்தமாலாவில் ஒரு மாயாக் கிராமத்தில் பிறந்து, இங்கே குழந்தைகள் பராமரிக்கும் இடத்தில் வேலை செய்கிறவள். முடிந்ததும் எங்களிடம் வந்து, நீங்கள் இரண்டு பேரும் இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். "மன்னாரில" என்றீர் நீர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். முற்காலத்தில் தங்கள் ஆட்கள் பூவும் கக்காவோவும் கரைத்த நீரைத் தொட்டுக் குழந்தைகளின் நெற்றியில் பூசியதாகச் சொல்வார்கள் என்று அவள் சொன்னபோது, நீர் நெற்றியைத் துடைக்கத் தூக்கிய கைலேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டீர். அப்படியே பஸ் ஏறினோம். பஸ்ஸில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு குடைச்சல் இருந்தது. இது உண்மையில் உங்கள் ஊர் முறைதானா என்று அடுத்தமுறை மார்த்தாவிடம் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். அவர்கள் வீட்டில் பாயும் இல்லை, மேளமும் இல்லையாம். அம்மா முழங்காலில் இருந்து கல்லில் அரைப்பாராம். கலியாணத்துக்கு, விதைப்புக்கு, செத்தவர்களின் நாளுக்கு. "இந்தப் பிள்ளை வாசித்ததையும் கேட்டதையும் வைத்துச் செய்கிறாள். பகிடி பண்ணவில்லை. மரியாதையோடு செய்கிறாள். எனக்கு அது போதும்" என்றாள். நான் அந்தப் பிள்ளையைக் கிண்டல் செய்வதை அன்றோடு கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுக்க விட்டேன் என்று சொல்லமாட்டேன்.

நீர் அந்த வட்டத்தில் ஒரு ஆளாகிவிட்டீர். வேலை முடிந்து பூட்டுகிற ஆள், முதல் ஆளாக வந்து துருவத் தொடங்கினீர். கறுவாவும் செத்தல் மிளகாயும் எவ்வளவு போடுவது என்று உமக்கும் மார்த்தாவுக்கும் ஒவ்வொரு சனியும் வாக்குவாதம். நுரை வரவேண்டும் என்று அந்தப் பிள்ளை ஒரு மின்சாரக் கடைகோலை வைத்துக் கடைந்துகொண்டிருந்தாள். "இதென்ன பெரிய வேலை" என்று நீர் இரண்டு பேணியை எடுத்துத் தேத்தண்ணி ஆற்றுவதுபோல ஒரு கையை உயர்த்தி மற்றதில் ஊற்றினீர். பழைய மாயாப் பானைகளில் இதே மாதிரி நின்று ஊற்றுகிற ஒரு பெண்ணின் படம் இருக்கிறது என்று மார்த்தா கத்தினாள். உமக்குச் சந்தோசம் தாங்காமல் புளுகம் பிடித்துவிட்டது. கையை இன்னும் உயர்த்தினீர். பாதிக் கக்காவோ நீரே துடைத்து வைத்த தரையில் கொட்டியது. அந்தப் பிள்ளை துடைப்பத்தை எடுத்துவந்து உம்மிடம் நீட்டினாள். அவளைப் பிடிக்கத் தொடங்கியது எனக்கு அன்றுதான்.

உமக்குள் ஒரு பயமும் இருந்தது, இது பாவமோ என்று. உங்கள் பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டீர். நற்கருணை வாங்கமுன் இதைக் குடித்தால் உபவாசம் முறியுமோ என்பது உம்முடைய இரண்டாவது கேள்வி. சுவாமி விழுந்து விழுந்து சிரித்தாராம். "உமக்கு முன்னமே பெரிய பெரிய குருமார் இதுக்குச் சண்டை பிடிச்சிருக்கினம், பிள்ளை. கொக்கோ சாப்பாடோ தண்ணியோ எண்டு கனகாலம் வாதாடினவை. நீர் பூசைக்குப் பிறகு குடியும், பிரச்சினையே இல்லை." அதை எனக்கு அப்படியே நடித்துக் காட்டினீர். நான் என் பங்குக்கு, கந்தசஷ்டி விரதத்துக்கு இது ஆகுமோ என்று எங்கள் ஐயரைக் கேட்கட்டுமா என்றேன். அவருக்கு முதலில் கக்காவோ என்றால் என்ன என்று விளங்கப்படுத்தவே சஷ்டி முடிந்துவிடும் என்றீர்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, உம்முடைய மகளுக்குக் கலியாணம் பேசி முடிக்கும்வரை.

உம்முடைய மனிசனைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஊரில் சண்டைக்காலம், பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்து வாங்க வவுனியாவுக்குப் பஸ் ஏறினார். வழியில் பஸ்ஸை மறித்துச் சிலரை இறக்கினார்கள். பஸ் போனது, இறக்கப்பட்டவர்கள் போகவில்லை. அதற்குப் பிறகு நீர் ஏறி இறங்காத வாசல் இல்லை. ஒருவரும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீர் லண்டன் வந்தீர். கறுப்பு உடுக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. மரித்த விசுவாசிகளின் நாளில் உங்கள் கோயிலில் செத்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். அவர் பெயரை நீர் ஒருநாளும் கொடுக்கவில்லை. ஒரு பூசை ஒப்புக்கொடுத்து மனதை ஆற்றிக்கொள் என்று எத்தனை பேர் புத்தி சொன்னார்கள். அவர்கள் போனபின் கதவைச் சாத்திவிட்டுப் பாத்திரங்களைப் போட்டு உடைப்பதுபோலக் கழுவுவீர்.

கலியாணக் கார்ட் வந்து அந்த இடத்தில் கையை வைத்தது. எங்கள் கார்ட்டுகளில் தாய் தகப்பன் பெயர் வரும். தகப்பன் இல்லாவிட்டால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள்தான். என்ன போடுவது என்று மட்டும் கேட்டார்கள். பார்க்கிங் என்கிற ஊரில் இருந்த உம்முடைய பிளாட்டுக் குசினியில், நானும் இருக்கத்தக்கதாக, மகள் அதைக் கேட்டாள்.

"அம்மா, பிளீஸ். பிரின்ட் பண்ணுறவர் வெயிட் பண்ணுறார். கார்ட்டில என்ன போடுறது?"

"அப்பான்ர பேரைப் போடு."

"பேருக்கு முன்னால?"

"முன்னால ஒண்டும் வேண்டாம்."

"அப்ப ஆக்கள் அவர் வருவார் எண்டெல்லோ நினைப்பினம். வெடிங்கில வந்து அப்பா எங்க எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது? அன்ரி, நீங்களாவது சொல்லுங்கோ."

"நான் அவரைச் சாகடிக்க மாட்டன்" என்றீர். குரல் உயரவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்.

பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். "எனக்கும் ஒரு அப்பா வேணும், அம்மா. செத்த அப்பாவெண்டாலும் பரவாயில்லை. செத்த அப்பாவுக்கு ஒரு படம் கொழுவலாம். ஒரு பூ வைக்கலாம். எனக்கு ஒண்டுமே இல்லை."

எதற்கும் வாய் போடுகிற நான் எழும்பிக் காய்ந்த பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினேன். இரண்டு பேரும் சொன்னது சரியாக இருந்தது. அவள் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். நீர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினீர், அதில் சீனி போட மறந்தீர், நானும் சொல்லாமல் குடித்தேன். கலியாணமே குழம்பிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் மண்டபத்தில் செத்தவர்களுக்கு மேசை போட்ட நாள். அந்தப் பிள்ளை இந்த முறை மேளத்தைத் தொடவே இல்லை, எல்லாவற்றையும் மார்த்தாவிடம் விட்டுவிட்டாள். மஞ்சள் பூ, மெழுகுதிரி, பாண், பழம், நடுவில் கக்காவோ. எங்கள் செத்தவீட்டு எட்டுச் செலவுப் படையலைப் பார்த்ததுபோல இருந்தது எனக்கு. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் செத்தவர்களின் படத்தைக் கொண்டுவந்து வைத்து, முன்னால் ஒரு கோப்பை வைத்தார்கள். மொட்டைத்தலை மனிதர் தன் தாயின் படத்தை வைத்தார். வைத்துவிட்டு அழுதார். நான் அவரை எவ்வளவு பகிடி பண்ணியிருக்கிறேன்.

நீர் உம்முடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு மேசைக்குத் தள்ளி நின்றீர். பைக்குள் கைலேஞ்சியில் சுற்றிய படம் இருந்தது எனக்குத் தெரியும். யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, மீசையை முறுக்கி விட்ட ஒரு இளந்தாரி. நீர் மேசைக்குக் கிட்டப் போவதும் திரும்புவதுமாக நின்றதை மார்த்தா கண்டுவிட்டாள். வந்து என்ன என்று கேட்டாள். இந்த மேசை செத்தவர்களுக்கு மட்டுமா என்று நீர் கேட்டீர். உம்முடைய ஆங்கிலம் ஓட்டை, அவளுடையது அதைவிட ஓட்டை. ஆனால் நீர் கேட்டது அவளுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

அவளுக்கும் ஒரு அண்ணன் இருந்தாராம். அவர்களுடைய நாட்டிலும் சண்டை நடந்த காலம். காலையில் வயலுக்குப் போனவரைக் கொண்டுபோய்விட்டார்கள். செத்தவர்களின் நாள் வந்தபோது அவளுடைய அம்மா மேசையில் தகப்பனுக்கும் பாட்டனுக்கும் கோப்பை வைத்தார். மகனுக்கு மேசையில் வைக்கவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு அதில் ஒரு கோப்பை கக்காவோ வைத்தாராம். பூ இல்லை, மெழுகுதிரி இல்லை. ஏன் அங்கே என்று சின்னப்பிள்ளையாக இருந்த மார்த்தா கேட்டிருக்கிறாள். "அவன் எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று எனக்குத் தெரியாது. எங்கிருந்து வந்தாலும் நடந்து வருகிறவனுக்குத் தாகம் இருக்கும்" என்றாராம் அந்தத் தாய்.

 நீர் விறுவிறுவென்று போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துவந்து மண்டபத்து வாசலோரம் போட்டீர். குசினிக்குள் இருந்து உம்முடைய சொந்தச் சில்வர் பேணியைக் கொண்டுவந்தீர். கையை உயர்த்தி ஊற்றி, ஊற்றி, நுரை பொங்கப் பொங்க ஊற்றினீர். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. "படத்தை வைக்கேல்லையோ?" என்றேன் நான். "என்னத்துக்கு? தன்ர முகம் அவருக்குத் தெரியுந்தானே" என்றீர். பேணியைக் கதிரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் இருந்துவிட்டீர். பிறகு அழுதீர். உம்மை எனக்குத் தெரிந்த இத்தனை வருடத்தில் நீர் அழுது நான் கேட்டதில்லை.  அந்தப் பிள்ளை பாயில் இருந்தவர்களை மெல்லச் சைகை காட்டி மறுபக்கம் திருப்பி இருத்தினாள். யாரும் உம்மைப் பார்க்கவில்லை. நான் மட்டும் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்தே மகளுக்குப் போன் எடுத்தீர். "கார்ட்டில பேரை மட்டும் போடு. முன்னால ஒண்டும் வேண்டாம். ஆரும் கேட்டா என்னட்ட அனுப்பு. இனி நான் பதில் சொல்லுறன்." மகள் என்ன சொன்னாளோ தெரியாது. கனநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "படமும் ஒண்டு தாறன். உன்ர வீட்டில கொழுவு. மாலை மட்டும் போடாதை" என்றீர்.

கலியாண மண்டபத்தில் நான் உம்மைவிட்டு நகரவில்லை. யாராவது கேட்டால் நானே பாய்ந்து விழலாம் என்ற எண்ணம். கேட்டார்கள். மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருவர், கையில் சாப்பாட்டுத் தட்டோடு வந்து, "தகப்பனைக் காணேல்லையே, பிள்ளை. எங்க அவர்?" என்றார். நீர் அவர் முகத்தை நேரே பார்த்தீர்.

"தெரியாது ஐயா. பஸ்ஸால இறக்கிக் கொண்டுபோனவை. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

இத்தனை வருடமும் அந்தத் தெரியாது என்ற சொல்லை விழுங்கிக்கொண்டு கழிப்பறைக்குள்ளும் குசினிக்குள்ளும் ஓடி ஒளிந்த ஆள், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று சொன்னீர். பெரியவர் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தார். உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர தம்பியையும் அப்பிடித்தான், பிள்ளை" என்றார். பின்னால் திரும்பினேன். கலியாண உடுப்போடு மகள் நின்றாள். கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். வந்து உம்முடைய தோளில் தலையை வைத்தாள். படம் எடுக்கிறவர் அதைத் தவறவிட்டுவிட்டார். பரவாயில்லை, நான் பார்த்தேன்.

பிறகு ஒவ்வொரு நவம்பரும் வாசலோரம் ஒரு பேணி. மண்டபத்திலும் வைத்தீர், வீட்டிலும் வைத்தீர். கேள்விப்பட்டு உங்கள் பங்கில், உம்மைப்போலவே ஆளைத் தொலைத்த இரண்டு மூன்று பெண்கள் வந்து உம்மிடம் மெல்லக் கேட்டுக்கொண்டு போனார்கள். கக்காவோ கிடைக்காதவர்கள் தேத்தண்ணி வைத்தார்கள். மார்த்தாவிடம் சொன்னீர், அவள் தேத்தண்ணியும் நல்லதுதான் என்றாளாம்.

அதற்குப் பிறகு உமக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்துகொண்டு, என் கையை ஒருநாள் இழுத்துப் பிடித்தீர்.

"நான் போனபிறகு அவருக்கு ஆர் வைக்கிறது?"

"மகள் இருக்கிறாள்தானே."

"அவளை விடும். அவளுக்கு இப்ப படம் இருக்கு, அது காணும். தெரியாத முகத்துக்காகப் பாத்துக்கொண்டிரு எண்டு பிள்ளைக்குச் சொல்லக் கூடாது. நீர் வையும். நீர் சைவம், உமக்குப் படைக்கத் தெரியும்."

"எனக்கு அவரைத் தெரியாதே."

"அதுக்கென்ன. அவருக்கும் உம்மைத் தெரியாதுதானே."

இரண்டு பேரும் சிரித்தோம். உமக்குச் சிரிக்கவும் மூச்சு வாங்கியது. "வாசலடியில வையும். மறந்துபோய் மேசையில வைச்சிடாதையும்" என்றீர்.

"அப்ப உமக்கு?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

"எனக்கு மேசையில" என்றீர், கண்ணை மூடிக்கொண்டு.

உம்மை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, கோயில் மண்டபத்தில் றோல்ஸ், பற்றிஸ் தட்டுகளுக்குப் பக்கத்தில் மார்த்தா பெரிய சட்டியில் கக்காவோ கொண்டுவந்து வைத்தாள். எங்கள் ஆட்கள் முதலில் முழுசிக்கொண்டு நின்றார்கள். சுவாமிதான் முதலில் எடுத்துக் குடித்தார். முகத்தைச் சுழித்தார், ஆனால் முழுவதும் குடித்தார். மகள் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். நான் ஒரு பக்கத்தில் நின்று, நீர் இருந்தால் இதை எப்படி நடித்துக் காட்டுவீர் என்று யோசித்தேன். அப்போதுதான், இனி எனக்கு நடித்துக் காட்ட ஆள் இல்லை என்று விளங்கியது. அன்று நான் அழுத அழுகைக்கு என் மனிசனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

இன்று இரண்டு பேணி எடுத்தேன். உமக்கு மேசையில் வைத்தேன். பூ வைத்தேன், மெழுகுதிரி கொளுத்தினேன், உமக்குப் பிடித்த பயற்றம் பணியாரமும் வைத்தேன். கையை உயர்த்தி ஊற்றப் போய் அடுப்படி முழுக்கக் கொட்டினேன். உம்முடைய மனிசனுடையதை வாசலடியில், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்தேன். என் மனிசன் வந்து பார்த்தார். "ஏனப்பா சப்பாத்துக்குப் பக்கத்தில வைக்கிறீர்?" என்றார். யாருக்கு என்று சொன்னேன். குனிந்து சப்பாத்துகளை எடுத்து ஒவ்வொன்றாக அந்தப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது.

ஓடினேன். முழங்கால் நோகிறது என்று மேல்மாடிக்குப் போகவே அலுத்துக்கொள்கிற நான், ஈரக் கையோடு ஓடினேன். எனக்கு ஒருநாளும் தெரிந்திராத மனிதர் அவர். என் வீட்டு முகவரி அவருக்கு எப்படித் தெரியும்? நீர் லண்டன் வந்ததாவது தெரியுமா? ஒன்றும் யோசிக்கவில்லை. கதவைத் திறந்தேன். பார்சல் கொண்டுவந்த பையன். பக்கத்து வீட்டில் ஆள் இல்லை, நீங்கள் வாங்கி வைப்பீர்களா என்றான். வாங்கினேன். நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பார்சலைப் பிடித்தபடியே நிற்கிறேன், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஒரு தடவைக்கே எனக்கு இப்படி. உம்முடைய அந்தப் பிளாட்டில் எத்தனை பேர் மணி அடித்திருப்பார்கள். தபால்காரன், கவுன்சில் ஆள், மின்சார மீற்றர் பார்க்க வந்தவன், வீடு மாறி வந்தவன். எல்லோரையும்விட அதிகமாக அடித்தவள் நான்தான். வேலை முடிந்து வருகிற வழியில், சந்தைக்குப் போகிற வழியில், ஒரு காரணமும் இல்லாமல். ஒவ்வொரு முறையும் நீர் ஓடிவந்துதான் திறந்தீர். இந்த மனிசி ஏன் இப்படி ஓடுகிறாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கதவைத் திறந்து என்னைக் கண்டதும் சிரித்தீர். "ஆ, நீரே! வாரும், வாரும்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தீர். முப்பது வருடத்தில் ஒருமுறையாவது, வந்தது நான்தான் என்று கண்டு உம்முடைய முகம் விழுந்ததில்லை.

அந்தச் சிரிப்பை எப்படிச் சிரித்தீர் என்று எனக்குச் சொல்லித் தராமல் போய்விட்டீர். இனி மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கும் அது வேண்டும்.